விரலின் அகலம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு முற்றம் கட்டி முடிந்தது. ஒன்பது நாற்பத்தைந்துக்கு அம்பு நகர மறுத்தது.

ஜமுனா விரலை எடுத்து நைட்டியில் துடைத்தாள். மறுபடி வைத்துத் தேய்த்தாள். திரையின் நடுவில் அந்த வெள்ளை அம்பு நின்ற இடத்திலேயே நின்றது. ஏரியில் நட்ட கழிமேல் உட்கார்ந்திருக்கும் கொக்கைப் போல, விரட்டினாலும் போகாது என்று தோன்றியது.

முற்றம் என்பது லினக்ஸ் கணினியைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர். சன்னல்கள், பட்டிகள், கடிகாரம், அம்பு எல்லாம் அதில் அடக்கம். பல ஊர்களில் இருந்துகொண்டு அறுபது எழுபது பேர் அதை எழுதுகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப் பதிப்பு ஊருக்குப் போகும். அதற்கு முன்னால் தினமும் ஒரு அரைகுறைப் பதிப்பு பிறக்கும். அதைத் தங்கள் கணினியில் கட்டி, அதாவது எழுதிய வரிகளை ஓடுகிற நிரலாக மாற்றி, ஓட்டி, எங்கே உடைகிறது என்று சொல்ல ஆட்கள் வேண்டும். சுண்ணாம்புக்குளத்தில் உட்கார்ந்து ஜமுனா ஒன்றரை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளிடம் இருந்தது பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த மடிக்கணினி. அது பழசு என்பதுதான் அதன் மதிப்பு. சோதிப்பவர்களைக் கட்டி மேய்க்கும் கிருஷ்ணன் கோயம்புத்தூர்க்காரர். புது மெஷினில் எல்லாம்தான் ஓடும், பழசில் ஓடினால்தான் ஓடியதாக அர்த்தம் என்பார்.

கட்டும்போது மெஷின் கொதிக்கும். இறால் அள்ளுகிற அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்து, அதன் முதுகில் கணினியை வைப்பாள். சூடு அலுமினியத்தில் இறங்கிவிடும். ஒன்றரை மணி நேரம் திரையில் வரிகள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அவள் படிப்பதில்லை. பார்த்துக்கொண்டிருப்பாள். கரையில் உட்கார்ந்து ஏரியைப் பார்க்கும்போதும் இப்படித்தான் இருக்கும். ஏதோ ஒன்று ஓயாமல் போகும், எதுவும் குறையாது. அம்மா கூப்பிட்டால் முதல் கூப்பாடு காதில் விழாது.

அம்பு நகராமல் நிற்பது இன்று புதிதில்லை. ஆனால் இன்று நிற்கக்கூடாது. நிற்க வேண்டிய காரணம் சனிக்கிழமையோடு தீர்ந்துவிட்டதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

மாதத்தின் தொடக்கத்திலேயே அவள் இதை எழுதிப் போட்டிருந்தாள். சில நாள் டச்பேட் விரலைக் கேட்கிறது, சில நாள் கேட்பதில்லை. பழைய பதிப்பில் இப்படி இல்லை, புதியதில் இருக்கிறது. வேறு யாருக்கும் இந்தத் தொல்லை வரவில்லை. கிருஷ்ணன் நான்கு மெஷினில் முயன்று பார்த்துவிட்டு, எந்த மாற்றத்தால் வந்தது என்று நீங்களே தேடிப் பாருங்கள் என்றார்.

தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பழைய பதிப்புக்கும் புதியதுக்கும் இடையில் இருநூற்று நாற்பது மாற்றங்கள் சேர்ந்திருந்தன. நடுவில் உள்ளதை எடுத்துக் கட்டிப் பார்க்க வேண்டும். அம்பு நகரவில்லை என்றால் பிழை முன்பாதியில் இருக்கிறது. நகர்ந்தால் பின்பாதியில். மிஞ்சிய பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். இப்படியே போனால் ஒன்று மட்டும் கையில் நிற்கும். அம்மா அம்மணிக்கு இதைச் சொன்னபோது, நண்டு வளையையும் அப்படித்தானே தேடுவது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

நாளுக்கு ஒன்றாக ஏழு நாள் தேடினாள். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் நான்கு நாளும் அம்பு நகரவில்லை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நகர்ந்தது. கடைசியில் கையில் நின்றது பதினைந்தாவது மாற்றம். எழுதியவள் ஜெஸ்ஸி.

ஜெஸ்ஸி நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறாள். முற்றத்துக்கு அவள் எழுதிய முதல் வேலை அதுதான். இரண்டு விரலால் ஒரு பக்கத்தைத் தள்ளிவிட்டு விரலை எடுத்தால், பக்கம் உடனே நிற்காது. சற்று ஓடி, வேகம் குறைந்து, தானாக அடங்கும். துடுப்பை எடுத்த பிறகும் படகு போகுமே, அப்படி. ஜமுனாவுக்கு அது பிடித்திருந்தது. படிக்க ஒன்றும் இல்லாத பக்கத்தைக்கூடச் சும்மா தள்ளிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதுதான் காரணம் என்று எழுதி அனுப்பினாள். சனிக்கிழமை அதைப் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். யாரோ ஒருவர், இதற்கும் டச்பேட் நின்றுபோவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். கிருஷ்ணன் ஒரே வரியில் பதில் போட்டார். ஜமுனா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்த வரியை அவள் ஐந்தாறு முறை படித்தாள். ஜெஸ்ஸி எழுதியது அதைவிடச் சின்னது. சரி அக்கா.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அம்பு சொன்ன பேச்சைக் கேட்டது. இன்று மறுபடி நிற்கிறது.

பக்கத்து வீட்டுப் பூவிழி வாசலில் தலைவாரிக்கொண்டிருந்தவள், சீப்பைக் கொண்டையில் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் மாத்திரை அட்டை அடுக்குகிறாள். இரண்டாம் ஷிப்ட். பகலில் வீட்டில் இருப்பாள்.

"இன்னாடி, செத்துப்போச்சா?"

அம்பு நவுர மாட்டேங்குது என்றாள் ஜமுனா. பூவிழி குனிந்து ஆள்காட்டி விரலை வைத்தாள். அம்பு கொக்கு எழும்புவது போல எழும்பிப் பறந்தது.

"நவுருதே."

ஜமுனா வைத்தாள். நின்றது. பூவிழி வைத்தாள். ஓடியது. இரண்டு பேரும் மாறி மாறி நான்கு முறை வைத்துப் பார்த்தார்கள்.

பூவிழி சிரித்தாள். "அதுக்கு உன் கைய புடிக்கலடி."

ஜமுனா அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மணி பின்பக்கம் உட்கார்ந்து காலையில் பிடித்த இறாலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்தாள். தொட்டால் ஷாக் அடிக்குமா என்று கேட்டுக்கொண்டு, கொதிக்கிற சோற்றைப் பதம் பார்ப்பதுபோல ஒரு விரலை வைத்து எடுத்தாள். அம்பு அசையவில்லை.

"குடும்பத்தையே புடிக்கல அதுக்கு" என்றாள் பூவிழி.

ஜமுனா தன் கையைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். காலையில் இரண்டரை மணி நேரம் ஏரிக்குள் இருந்த கைகள். நுனிகள் வெளுத்து, ஊறி, வரப்பு வரப்பாக எழும்பியிருந்தன. வெடிப்புகளில் உப்பு நின்றது. எத்தனை கழுவினாலும் மத்தியானம் வரை போகாது. பூவிழியின் கை நாள் முழுக்கக் கையுறைக்குள் இருக்கிற கை.

போனில் ஈரக் கை படியாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீரிலிருந்து வந்தவர்கள் விரல் முட்டியால் தேய்ப்பார்கள். முட்டியும் சரிவராவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவார்கள். அவளும் அப்படித்தான் செய்துவந்தாள். அதைப் பிழை என்று யாரும் எங்கும் எழுதிப் போட்டதில்லை. அவளுக்கும் தோன்றியதில்லை.

தொடுகையைத் திரையில் வரைந்து காட்டுகிற சின்னக் கருவி ஒன்று முற்றத்திலேயே உண்டு. அதைத் திறந்தாள். பூவிழி தொட்டபோது சின்ன வட்டம் விழுந்தது. தான் தொட்டபோது ஓரம் கலைந்த அகலமான திட்டு விழுந்தது, தண்ணீரில் சொட்டிய எண்ணெய் போல. பக்கத்தில் எழுத்து வந்தது. உள்ளங்கை. தள்ளப்பட்டது.

தட்டச்சு செய்யும்போது உள்ளங்கையின் ஓரம் டச்பேடில் உரசும். அதை விரல் என்று எண்ணி அம்பு ஓடக்கூடாது. அதனால் அகலமான தொடுகையைக் கணினி கணக்கில் எடுக்காது. அவள் விரலைத்தான் அது உள்ளங்கை என்று நினைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

அவள் தேடிய ஏழு நாளும் திரையில் தேதியோடு இருந்தன.

"எம்மா, போன சனிக்கு முந்தின சனிக்கெழம தண்ணிக்குப் போனோமா?"

"தேவகி கால்ல கிளிஞ்ச கிழிச்ச அன்னிக்கி. போனோம்."

"ஞாயித்துக்கெழம?"

"போனோம். திங்க, செவ்வாகூட போனோம். புதங்கெழம போவல. தண்ணி நின்னுடிச்சி."

வியாழன், வெள்ளி கேட்க வேண்டியிருக்கவில்லை. கடலோடு சேர்ந்த ஏரி என்பதால் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில்தான் நன்றாக வற்றும். அப்போதுதான் ஜமுனா அம்மாவோடு இறங்குவாள். இடைப்பட்ட நாட்களில் தண்ணீர் ஏறவும் ஏறாமல் இறங்கவும் இறங்காமல் நிற்கும். போவதில் பிரயோசனம் இல்லை. போன நாளெல்லாம் அம்பு நின்றிருக்கிறது. போகாத நாளெல்லாம் நகர்ந்திருக்கிறது. அவள் தேடியது மாற்றத்தை இல்லை. ஏரி வற்றுவதையும் நிற்பதையும்தான் ஏழு நாள் எழுதி அனுப்பியிருக்கிறாள். அதை நம்பி ஒரு பெண்ணின் வேலையை எடுத்து வெளியே போட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குப் பதிப்பு உறையும். அதற்குப் பிறகு எதையும் சேர்க்க முடியாது, எடுக்க முடியாது. ஜெஸ்ஸியுடையது அதற்குள் திரும்பிப் போகாவிட்டால் இன்னும் ஆறு மாதம் காத்துக்கிடக்க வேண்டும். பதிப்போடு சோதித்தவர்கள் பட்டியலும் போகும். பன்னிரண்டு பேர். இந்த முறை பதின்மூன்று. கிருஷ்ணன் அதைப் போன வாரமே காட்டியிருந்தார். ஜமுனா மு., சுண்ணாம்புக்குளம். எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் காட்டுவதற்கு அவளிடம் அந்த ஒரு வரிதான் இருந்தது. அதற்கு ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அவள் யாருக்கும் எழுதவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் அம்மாவோடு ஏரிக்குப் போனாள். எட்டுப் பத்துப் பெண்கள் இருந்தார்கள். தண்ணீர் இடுப்புக்குக் கீழே இருந்தது. மண்டியிட்டு, கழுத்தளவு அமிழ்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே முன்னேற வேண்டும். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறி முதுகுக்குப் பின்னால் மிதந்து வரும். அதன் கயிறு பல்லில் இருக்கும். அதனால் தண்ணீரில் யாரும் பேசுவதில்லை. பத்துப் பெண்கள் ஒரு வார்த்தை இல்லாமல் ஊர்ந்தார்கள். வானமும் தண்ணீரும் ஒரே நிறமாக இருந்தன. தலைகள் மட்டும் கறுப்பாக நகர்ந்தன.

தண்ணீருக்குள் கை தனியாக யோசிக்கும். இது கிளிஞ்சல், இது வேர், இது நண்டு, கையை இழு என்று அதுவே முடிவு செய்யும். இறால் விரலில் வந்து மோதினால் மயிர் உரசியது போலத்தான் இருக்கும். அது பின்னால்தான் பாயும் என்று தெரிந்து மற்றக் கை முன்கூட்டியே அங்கே போய் நிற்கும். இந்தக் கையை ஒரு கணினி விரல் இல்லை என்கிறது. ஜமுனாவுக்குக் கோபம் வரவில்லை. யாரோ தூக்கத்தில் உளறியது போல இருந்தது.

சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. பதிப்பு வந்த பிறகு மெதுவாக எழுதலாம். கரையேறும்வரை இதையே நினைத்தாள். கயிறு பல்லில் இருந்ததால் அம்மாவிடம் கேட்க முடியவில்லை. கரையேறிய பிறகு கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தாள். ஒரு பக்கத்தைத் தள்ள வேண்டும் போலிருந்தது. அம்பு வராதே என்று பூவிழியைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னாள். பூவிழி விரலை எடுத்ததும் பக்கம் சட்டென்று நின்றது. ஓடவில்லை, அடங்கவில்லை. கல்லில் மோதிய மாதிரி நின்றது.

"போதுமா?" என்று கேட்டுவிட்டு பூவிழி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

இனி எழுதாமல் இருக்க முடியாது. தவறு என்று மட்டும் எழுதினால் நம்ப மாட்டார்கள். ஒரு முறை தவறாகச் சொன்னவள் இரண்டாம் முறை சொல்வதையும் எப்படி நம்புவது? உண்மையான மாற்றத்தைக் கண்டுபிடித்துக் கையோடு கொடுக்க வேண்டும். முதல் நான்கு நாள் தேடியது ஈரக் கையோடு. அதை நம்பலாம். பிழை முதல் பதினைந்து மாற்றங்களுக்குள் இருக்கிறது. கடைசி மூன்று நாள் காய்ந்த கையோடு தேடியதுதான் கெட்டது. அந்தப் பதினைந்துக்குள் மறுபடி தேட வேண்டும். நான்கு முறை கட்ட வேண்டியிருக்கும். ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரமும் கை காயக்கூடாது.

வியாழக்கிழமை ஏரியிலிருந்து வரும்போது இரண்டு குடம் ஏரித்தண்ணீரைச் சுமந்து வந்தாள். துணி துவைக்கிற டப்பில் ஊற்றினாள். அன்னக்கூடையைக் கவிழ்த்து அதன் மேல் கணினியை வைத்தாள். முதல் கட்டலைத் தொடங்கிவிட்டு, இரண்டு கையையும் முழங்கை வரை டப்புக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அம்மணி வந்து பார்த்தாள். "இன்னாடி இது, வேண்டுதலா?"

கை காயக்கூடாது என்றாள் ஜமுனா. கை காய்ந்தால் அது விரல் ஆகிவிடும், ஊறியே இருந்தால்தான் பிழை தெரியும் என்று விளக்கினாள். அம்மணி யோசித்தாள். பிறகு பறியின் அடியில் ஒட்டியிருந்த சேற்றை வழித்து எடுத்து வந்து டப்பில் போட்டுக் கலக்கினாள்.

"வெறும் தண்ணில ஊறுனா நம்ம கை மாதிரி வருமா? சேத்துலதான கெடக்குது."

வரிகள் ஓடத் தொடங்கின. டப்புத் தண்ணீர் அசைவு அடங்கியதும் திரை அதில் விழுந்தது. எழுத்துகள் தலைகீழாக ஓடின. மேலே ஏறுகிற வரிகள் தண்ணீரில் கீழே இறங்கின. சேறு கலங்கியதால் கை தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியவில்லை. வெயில் கூரை ஓட்டை வழியாக இறங்கி மெதுவாகத் தரையில் நகர்ந்தது.

முதல் கட்டல் முடிந்ததும் ஒரு விரலை எடுத்து வைத்தாள். அம்பு நின்றது. கையை டப்பை விட்டு எடுக்காமல் அடுத்ததைத் தொடங்க அம்மாவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. இந்தப் பட்டனை அழுத்து என்றாள். அம்மணி அழுத்தினாள். பட்டனுக்கு அகலம் ஒரு பொருட்டில்லை.

மத்தியானம் அம்மணி பழையசோற்றையும் சுட்ட கருவாட்டையும் தட்டில் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். வாயைத் திற என்றாள். இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு ஊட்டுவதை வாசலில் போன தேவகி நின்று பார்த்தாள். காலில் இன்னும் கட்டு இருந்தது. கையில் என்ன ஆயிற்று என்று கேட்டாள். கம்ப்யூட்டர் வேலை என்றாள் அம்மணி, முகத்தில் சிரிப்பு இல்லாமல். தேவகி தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாவதில் அம்பு நகர்ந்தது. ஊறிய விரல், சேறு சொட்டுகிற விரல், அதன் கீழே அம்பு நழுவி ஓடியது. ஜமுனா அதை வட்டமாகச் சுற்றவிட்டாள். ஒரு காலத்தில் இந்தக் கை அதற்குக் கையாக இருந்திருக்கிறது.

மூன்றாவது ஓடும்போது கண் சொருகிவிட்டது. தூக்கம் என்று சொல்ல முடியாது. அம்பு டப்புக்குள் இறங்கிவிட்டது போலிருந்தது. கலங்கிய தண்ணீரில் வெள்ளையாக அங்கும் இங்கும் திரிந்தது. அவள் விரலை வந்து தொட்டது. தொட்டதும் பின்னால் பாய்ந்தது. அவளுடைய மற்றக் கை முன்பே அங்கே போய் நின்றிருந்தது. பிடித்ததா, விட்டதா என்று தெரியும் முன் கட்டல் முடிந்த மணி அடித்தது.

மூன்றாவதில் நின்றது. நான்காவதில் நகர்ந்தது. மணி மூன்றரை.

மிஞ்சியது ஆறாவது மாற்றம். திறந்து பார்த்தாள். ஒரே ஒரு வரி. அதில் ஒரே ஒரு எண். பதினெட்டு மில்லிமீட்டரை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதியிருந்தார்கள். கீழே காரணம் இருந்தது. இதைவிட அகலமான தொடுகை விரலாக இருக்காது. எழுதியவர் இப்போது முற்றத்துக்கு எதுவும் எழுதுவதில்லை.

ஜமுனா தொடுகையை வரைகிற அந்தக் கருவியில் தன் விரலை அளந்தாள். பதினான்கரை. அம்மாவைக் கூப்பிட்டு அளந்தாள். பதினாறு. பூவிழிக்கு ஒன்பது இருந்தது செவ்வாய்க்கிழமை.

கையைத் துடைக்காமலே எழுதினாள். ஜெஸ்ஸியின் மாற்றத்தில் பிழை இல்லை. நான்தான் தவறாகச் சொன்னேன். நாளை மாலைக்குள் அதைத் திரும்பச் சேருங்கள். அதன் பிறகுதான் ஏரியையும் கையையும் எண்ணையும் பற்றி எழுதினாள். வீட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டு வந்தது. கணினியைத் தூக்கிக்கொண்டு கரைமேட்டுக்குப் போய் அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் முதுகு வலிப்பது தெரிந்தது.

வீடு திரும்பும் முன் ஜெஸ்ஸியின் குரல் வந்தது, போனில் பதிந்து அனுப்பியது.

"பரவால்லக்கா. எங்க தப்பு பண்ணேன்னு அஞ்சு நாளா தேடிட்டு இருந்தேன். ஒண்ணுமே கெடைக்கல. இனிமே தேட வேண்டாம் இல்லியா?"

ஜமுனா அதை இரண்டு முறை கேட்டாள். வேண்டாம் என்று மட்டும் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை ஏரியிலிருந்து வந்து ஈரத் துணியோடு நிற்கும்போது கிருஷ்ணன் கூப்பிட்டார். அம்மணி முட்டியால் தேய்த்துப் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, சாமான் கழுவுகிற கல்லின் மேல் வைத்தாள்.

அவர் நல்லவிதமாகத்தான் பேசினார். ஜெஸ்ஸியுடையதை இரவே திரும்பச் சேர்த்துவிட்டார்கள். அந்த எண்ணை மட்டும் இந்தப் பதிப்பில் மாற்ற முடியாது. கடைசி நாளில் தொட்டால் எல்லோருடைய உள்ளங்கையும் விரலாகிவிடும். நிறையக் கைகளை அளந்து பார்க்க வேண்டும். அடுத்த பதிப்புக்குத் தானே எடுத்து வைப்பதாகச் சொன்னார். ஆறு மணி நேரம் டப்பில் கையை வைத்திருந்ததைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டதாகவும் சொன்னார்.

பிறகு இன்னொன்று சொன்னார். ஜமுனா அனுப்புவதை இனி எப்படி நம்புவது என்று குழுவில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அவர் அவளுக்காகப் பேசியிருக்கிறார். பெயர் பட்டியலில் இருக்கும், அடுத்த பதிப்புக்கும் இருக்கும். அதற்கு அவர்கள் ஒன்றே ஒன்று கேட்கிறார்கள்.

"டெஸ்ட் பண்ற நாள்ல தண்ணில எறங்காதீங்க ஜமுனா. கை காஞ்சிருக்கணும். அப்பத்தான் மத்தவங்க ரிசல்ட்டோட ஒப்பிட முடியும்."

சோதிக்க வேண்டிய பில்ட் தினமும்தானே சார் வருகிறது என்றாள்.

ஆமாம், தினமும்தான் என்றார் அவர். நான்கு மணிக்குப் பட்டியலை மூட வேண்டும், அதற்குள் யோசித்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

அவள் துணி மாற்றிக்கொண்டு புதுப் பதிப்பைக் கட்டினாள். கட்டி முடிந்ததும் வாசல் நிழலில் கணினியை மடியில் வைத்துக்கொண்டு, கையைக் காற்றில் நீட்டியபடி உட்கார்ந்தாள். விரல்கள் மெதுவாக வற்றின. வெளுப்பு போய் நிறம் வந்தது. வரப்புகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. உப்பு மட்டும் வெடிப்புகளில் மெல்லிய கோடாக நின்றது. அதையும் நகத்தால் சுரண்டினாள். ஒரு மணிக்கு வைத்துப் பார்த்தபோது அம்பு நின்றது. இரண்டு மணிக்கு நகர்ந்தது.

ஒரு பக்கத்தைத் திறந்து தள்ளிவிட்டாள். விரலை எடுத்தாள். பக்கம் ஓடியது, ஓடிக்கொண்டே வேகம் தளர்ந்து, தளர்ந்து, எங்கே நின்றது என்று தெரியாதபடி நின்றது. மறுபடி தள்ளினாள். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. மூன்றரை ஆகியிருந்தது. போன் பக்கத்தில் கிடந்தது.

அம்மணி எதிரில் உட்கார்ந்து பறியில் விட்டுப்போன ஓலையைச் செருகிக்கொண்டிருந்தாள். கல்லின் மேல் போன் பேசியதையெல்லாம் அவளும் கேட்டிருந்தாள். கயிற்றைப் பல்லில் வைத்து இழுத்து, முடிச்சு நிற்கிறதா என்று பார்த்தாள். பிறகு கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள்.

"நாளிக்கி அம்மாசி. தண்ணி அடியோட வத்தும். வர்றியா, இல்ல கைய காய வெச்சிக்கினு உக்காரப் போறியா?"